பொற்கொல்லன் இயந்திரமானால்: சிலப்பதிகாரமும் அறிபுனைவும்

ஹாம்லெட் டென்மார்க்கை விட்டுப் புறப்பட்டுப் பல ஊர் சுற்றிவிட்டான். பம்மல் சம்பந்த முதலியாரிடம் வந்தபோது அமலாதித்யன் என்று பெயர் மாறித் தமிழ் இளவரசனாக மேடையேறினான். எம் எக்ஸ். லியூ 2023இல் வெளியிட்ட ‘தி டெத் ஐ கேவ் ஹிம்’ என்ற அறிவியல் நாவலில் அவன் ஓர் ஆராய்ச்சியாளன். எல்சினோர் அங்கே அரண்மனை இல்லை, ஆய்வகம். தந்தையும் மகனும் தேடிக்கொண்டிருந்தது சாவைத் திருப்பி அனுப்பும் மருந்தை. தந்தை கொலையுண்டு கிடக்கிறார், ஆய்வகக் கதவுகள் பூட்டப்படுகின்றன, ஓர் இரவுக்குள் எல்லாம் நடந்து முடிகிறது. பம்மல் பெயரையும் உடையையும் ஊரையும் மாற்றினார்; கதை இயங்கும் விதத்தில் கைவைக்கவில்லை. லியூ கைவைத்திருக்கிறார். ஹொரேஷியோ இப்போது அந்த ஆய்வகத்தை நடத்தும் செயற்கை அறிவு. ஷேக்ஸ்பியரில் கடைசிவரை உயிரோடிருந்து நடந்ததைச் சொல்லப்போகிறவன் ஹொரேஷியோ. அவனையே இயந்திரமாக்கியதும் சாட்சியும் சம்பவ இடமும் ஒன்றாகிவிடுகின்றன. யாருக்கு என்ன தெரியும், யார் சொன்னால் நம்பலாம் என்ற கேள்வியின் அடித்தளமே நகர்ந்துவிடுகிறது.

துன்பியல் நாடகம் ஒன்றை அறிபுனைவாக மாற்றி எழுதுவதில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இந்த நகர்வுதான் என்பது என் வாதம். விண்கலம், ரோபோ, 22ஆம் நூற்றாண்டு என்பவையெல்லாம் திரைச்சீலைகள். மூலத்தில் விதி நின்ற இடத்தில் தொழில்நுட்பம் வந்து நிற்கிறதா என்றே பார்க்க வேண்டும். மேரி ஷெல்லி 1818இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கு ‘புதிய ப்ரொமிதியஸ்’ என்று துணைத்தலைப்பு வைத்தபோது இதைச் செய்துகாட்டினார். கிரேக்க மேடையில் நெருப்பைத் திருடியவனைப் பாறையில் பிணைக்க ஒரு கடவுள் இருந்தார். ஷெல்லியின் உலகில் தண்டிக்கக் கடவுள் இல்லை. செய்த பொருளே செய்தவனைத் துரத்துகிறது. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் நேர் எதிரான ஐயத்தை எழுப்பினார். அவருடைய ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ உலகில் ‘ஒத்தெல்லோ’ பூட்டி வைக்கப்பட்ட புத்தகம். கேட்டதெல்லாம் கிடைக்கிற, எதையும் இழக்காத மக்களுக்கு அந்த நாடகம் புரியாது என்று ஆள்பவரே விளக்குகிறார். தொழில்நுட்பம் முழுமை பெற்றால் துன்பியலுக்கு வேலை இல்லை என்பது அதன் பொருள். இந்த ஐயத்துக்கு விடை சொல்ல இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை; காவிரி கடலில் கலக்கும் இடத்தில் தொடங்கும் கதை ஒன்று போதும்.

சிலப்பதிகாரத்தை மேடைத் துன்பியல் என்று சொல்லலாமா, அது காப்பியம் அல்லவா என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேடையின் அளவைக் கோல் கணக்கில் தருகிற காப்பியம் இது. இருபத்து நான்கு பெருவிரல் அகலம் கொண்ட கோலால் அளந்து எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று மாதவியின் அரங்கு கட்டப்படுகிறது. புக ஒரு வாசல், வெளியேற ஒரு வாசல். மூவகைத் திரைகள். தூணின் நிழல் ஆடுபவர் மேல் விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்பதுவரை அரங்கேற்று காதை யோசிக்கிறது. நூல் எழுந்த பின்னும் கதை மேடையை விட்டு இறங்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகம் ஊர் ஊராக நடந்தது. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுகிறார்கள். மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி இதே கதையைக் ‘கொங்கைத் தீ’ என்று நவீன நாடகமாக்கினார். அச்சு நூலாக அது நம் கைக்கு வந்ததும் டெல்டா வழியாகத்தான்: உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். பல தலைமுறைகள் ஆடியும் பார்த்தும் அழுதும் வந்த கதை. துன்பியல் என்று அழைக்க இதற்குமேல் தகுதி வேண்டாம்.

இந்தக் கதையின் அச்சாணி காதலிலோ கற்பிலோ இல்லை. கொலைக்களக் காதையை மெதுவாகப் படித்தால் அது தெரியவரும். அரசியின் சிலம்பைத் திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். மனைவி கண்ணகியின் ஒற்றைச் சிலம்பை விற்க மதுரைக்கு வந்த கோவலனைக் கண்டதும் பழியை இறக்கி வைக்க ஆள் கிடைத்துவிட்டது. அரசி ஊடலில் தலைவலி என்று சொல்லி எழுந்து போயிருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் பாண்டிய அரசன் போகிற வழியில் பொற்கொல்லன் குறுக்கே விழுகிறான். நடை தளராமலே ஆணை பிறக்கிறது. இதுவரை பலருக்கும் நினைவிருக்கும். இதற்கு அடுத்த காட்சியை நாடகங்களும் சினிமாவும் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் முகத்தில் கள்வனுக்குரிய களை இல்லை, கொல்லத் தக்கவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். மனிதக் கண் ஒருகணம் உண்மையைப் பார்த்துவிடுகிறது. அப்போது பொற்கொல்லன் எளிதாகச் சிரித்துவிட்டு, களவு நூலைப் பற்றி ஒரு பாடமே நடத்துகிறான். கள்வருக்கு எட்டுத் துணைகள் உண்டு என்று மந்திரத்தில் தொடங்கிக் கருவி வரை அடுக்குகிறான். மந்திரம் ஓதியவன் கண்ணுக்குப் பட மாட்டான். தெய்வத்தைத் துணைக்கொண்டவன் பொருளைக் கையில் காட்டிக்கொண்டே தப்பிவிடுவான். தந்திரம் தெரிந்தவன் இந்திரன் மார்பிலிருந்தே ஆரத்தை எடுத்துப் போவான். ஆக, கள்வனைப் போலத் தெரியாமலிருப்பதே தேர்ந்த கள்வனின் அடையாளம்.

பொற்கொல்லன் ஆதாரம் எதையும் கொண்டுவரவில்லை. கள்வன் எப்படி இருப்பான் என்ற மாதிரியைக் கொண்டுவருகிறான். அந்த மாதிரியை எந்தத் தகவலாலும் பொய்யாக்க முடியாது: குற்றவாளி போலத் தெரிந்தாலும் குற்றவாளி, தெரியாவிட்டாலும் குற்றவாளி. தயங்கிய காவலர்களில் ஒருவன் தன் பங்குக்கு, மழை இரவொன்றில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்துபோன கள்வனைப் பற்றிச் சொல்கிறான். பழைய அனுபவம் ஒன்று புதிய சந்தேகத்துக்கு உரமாகிறது. முடிவில் விவாதத்தில் கலந்துகொள்ளாத, எழுத்தறிவில்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆணையிட்ட அரசன் அங்கே இல்லை. தீர்ப்பின் காரணத்தைச் சொன்ன நிபுணனுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. வெட்டியவனுக்குக் காரணமே தெரியாது. பொறுப்பு மூன்றாகப் பிரிந்து மூன்று பேரிடமும் இல்லாமல் போகிற இந்த ஏற்பாட்டை வடிவமைக்க ஒரு கணிப்பொறி நிறுவனம் கூட இவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்காது. ஆள் முகக்குறிகளை வைத்து ஆபத்தை மதிப்பிடும் இன்றைய நிரல்களைப் பற்றி எழுத விரும்பும் நாவலாசிரியருக்கு இந்தக் காதையே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது.

இங்கே முதல் பெரிய மறுப்பு எழும். கைரேகை, கண்காணிப்புக் கேமரா, மரபணுச் சோதனை எல்லாம் உள்ள உலகில் சிலம்பு யாருடையது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடாதா, கதை அங்கேயே முடிந்துவிடாதா? ஹக்ஸ்லியின் ஐயத்துக்கு நெருங்கிய உறவு இது. பிரிட்டிஷ் தபால்துறையில் நடந்தது இதற்குப் பதில். 1999 முதல் அங்கே கிளை அஞ்சலகக் கணக்குகளைப் பார்க்க, ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற மென்பொருள் பயன்பட்டது. கல்லாவில் பணம் குறைகிறது என்று அது பல கிளைகளில் காட்டியது. பணம் குறையவில்லை, மென்பொருள்தான் பிழை செய்தது. ஆனால் கணிப்பொறி சரியாக வேலை செய்கிறது என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு என்பது அங்கே சட்ட வழக்கம். 2015 வரை 900க்கு மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள், சிலர் உயிரை விட்டார்கள். தெற்காசிய வம்சாவளியினர் அவர்களில் கணிசம். உங்களுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல், வேறு யாருக்கும் இல்லை என்று பலரிடமும் தனித்தனியே சொல்லப்பட்டது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர் நீதிமன்றம் ஏற்றது 2019இல்; தண்டனைகளை மொத்தமாக நீக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2024இல். சரிபார்க்கும் கருவி இல்லாததால் இந்த அவலம் நேரவில்லை. சரிபார்க்கும் கருவியே பொற்கொல்லனாக இருந்ததால் நேர்ந்தது.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. சிலப்பதிகாரம் ஊழ்வினையை நம்புகிற நூல். அறிபுனைவு காரண காரியத்தை நம்புகிற வடிவம். இரண்டையும் ஒட்டவைத்தால் நூலும் கெடும், வடிவமும் கெடும் என்பார்கள். ஊழ் என்றால் மேலேயிருந்து இறங்கும் புரியாத சக்தி என்று வைத்துக்கொண்டால் இது சரி. ஆனால் நூலாசிரியர் இளங்கோ ஊழை அப்படி விட்டுவைக்கவில்லை. அதற்கு ஒரு வழக்கு விவரமே தருகிறார். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் முற்பிறப்பைச் சொல்கிறது. கலிங்கத்தில் பகைமை கொண்ட இரு நகரங்கள், சிங்கபுரமும் கபிலபுரமும். கபிலபுரத்து வணிகன் சங்கமன் மனைவி நீலியோடு சிங்கபுரத்துக்கு வந்து பண்டம் விற்கிறான். அங்கே அரச ஊழியம் பார்த்த பரதன் இவனை ஒற்றன் என்று மன்னனிடம் காட்டிக்கொடுக்கிறான். விசாரணையின்றிக் கொலை. நீலி தெருத்தெருவாக நியாயம் கேட்டு அலைந்து, பதினான்காம் நாள் மலையிலிருந்து விழுந்து உயிர்விடுகிறாள். அந்தப் பரதன்தான் இந்தக் கோவலன்.

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியூர் வணிகன், கையில் விற்பனைப் பொருள், அரண்மனைச் செல்வாக்குள்ள ஒருவனின் பொய்த் தகவல், மன்னனின் அவசரம், உடனடிக் கொலை, தெருவில் நிற்கும் மனைவி, பதினான்கு நாள். ஒரே படிவம், வேறு பெயர்கள். இளங்கோவின் ஊழ் என்பது ஒரு தவறான தீர்ப்பு திருத்தப்படாமல் பதிவாகி, பின்னொரு தீர்ப்பை உருவாக்குவதுதான். கடந்த கால முடிவுகளைத் தின்று புதிய முடிவுகளைச் சொல்லும் கற்றல் நிரல்கள் வேலை செய்வது இப்படியே. எந்த வட்டாரத்தில் முன்பு அதிகம் பேர் கைதானார்களோ அந்த வட்டாரத்தை ஆபத்தானது என்று நிரல் கற்றுக்கொள்கிறது. அங்கே அதிகக் காவல், அதனால் அதிகக் கைது, அதனால் நிரலுக்கு இன்னும் உறுதி. முன்பு நடந்த அநீதிக்கு நிரலிடம் அநீதி என்ற குறிப்பு இல்லை, வெறும் தரவாக இருக்கிறது. முற்பிறப்பை நம்பாத வாசகரும் இந்த வகை ஊழை மறுக்க முடியாது. சமண நெறியில் தோய்ந்த ஒரு பழங்காப்பியம் வினை என்று சொன்னதை அறிபுனைவு ஒரு பொறியியல் உண்மையாகவே காட்ட முடியும், நூலின் நம்பிக்கையைக் கேலி செய்யாமலும் அதற்கு அடிபணியாமலும்.

இதற்குச் சென்னையோ பெங்களூரோ களமாக வேண்டும் என்பதில்லை. கருவி சொல்லும் எண்ணுக்காக மனிதர்கள் காத்திருக்கும் இடம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் அறுவடைக்கு அறுவடை அமைகிறது. டிபிசி என்று எல்லாரும் சொல்லும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெல் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். மழை வந்தால் தார்ப்பாய். நுகர்பொருள் வாணிபக் கழகத்து ஊழியர் ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரப்பதமானியில் போடுகிறார். 17 விழுக்காட்டுக்குள் இருந்தால் எடை, மூட்டை, பணம். தாண்டினால் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்ற பதில். குறுவை அறுவடை முடிகிற வேளையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் எங்கே காயவைப்பது? தார்ச்சாலையில் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மழை அடித்த ஆண்டுகளில் வரம்பை 22 வரை தளர்த்தும்படி கோரிக்கை எழுவதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் வழக்கமாகிவிட்டன. நெல்லை வாயில் போட்டுக் கடித்தே பதம் சொல்லும் விவசாயிக்குத் தன் நெல் எப்படி இருக்கிறது என்று தெரியும். ஆனால் அந்த அறிவு அங்கே சாட்சியம் ஆகாது. இன்னும் பெரிய அளவில் பார்த்தால், ஆற்றில் வரும் தண்ணீரும் ஓர் அளவுமானியின் எண்தான். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்ன 177.25 டிஎம்சி கணக்காவது பிலிகுண்டுலுவில்; அதைப் பொறுத்தே ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா, கடைமடைக்கு எப்போது தண்ணீர் எட்டும் என்ற கவலை எல்லாம். இங்கே யாரும் பொற்கொல்லன் இல்லை, ஊழியரும் பொறியாளரும் தம் வேலையைச் செய்பவர்கள். அப்படியிருந்தும் கதைக்குத் தேவையான அமைப்பு முழுவதும் இங்கே இருக்கிறது: தொலைவில் ஓர் ஆணை, நடுவில் ஒரு கருவி, இந்த முனையில் சொன்னால் எடுபடாத ஓர் உண்மை. எதிர்காலப் பூம்புகாரை இந்த மண்ணில் வைத்து எழுத விண்கலம் தேவைப்படாது.

தஞ்சை மேடை மரபும் அறிவியலும் ஒட்டாது என்று நினைப்பவர்கள் இரண்டாம் சரபோஜியைப் பார்க்கலாம். 1798 முதல் 1832 வரை அரசர் என்ற பெயரில் இருந்த இவருக்கு ஆட்சி அதிகாரம் கோட்டைக்குள்ளும் சுற்றுப்புறத்திலும்தான் மிச்சம். மீதி நேரம் சரசுவதி மகால் நூலகத்துக்கும் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்துக்கும் போனது. அவர் பெயரில் மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி என்ற நாடகம் இருக்கிறது. குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளமும் தான் சுற்றிய நாடுகளும் பாடுவது மரபு. சரபோஜியின் குறத்தி பாடுவது ஐரோப்பியப் புவியியல் நூல்களிலிருந்து வந்த உலகம்: கண்டங்கள், தேசங்கள், தலைநகரங்கள். மேடை வடிவத்தின் ஒரு மூட்டைக்கூட அவர் கழற்றவில்லை. குறத்தி உட்கார்ந்து குறி சொல்லும் இடத்தில் புதிய அறிவை அமர்த்தினார். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இதே மன்னர்மேல் தமிழில் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டுப் புகழ்பெற்றது. மராத்திக் குறவஞ்சிக்கு அந்த வாழ்வு அமையவில்லை. நாடகமாக அது கொஞ்சம் பாடப்புத்தக வாடை அடிப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். இருந்தாலும், எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் சரபோஜியின் உள்ளுணர்வு சரி.

தமிழ் அறிபுனைவின் தலைமை எழுத்தாளரான சுஜாதா காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில் 2020களின் இந்தியாவை ஜீவா ஆள்கிறான். குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். முதியோர் எப்போது சாக வேண்டும் என்பதையும் அரசு முடிவு செய்யும். நிலா, சிபி, ரவி, மனோ என்று பெயர்களுக்குக்கூட இரண்டே எழுத்து. கணவன் காணாமல் போன நிலாவோடு ஜீனோ என்ற இயந்திர நாய் சேர்ந்துகொள்ள, ஜீவாவே ஒரு பிம்பம் என்ற இரகசியத்தை நோக்கிக் கதை போகிறது. துன்பியலுக்கான எல்லாச் சரக்கும் இதில் உண்டு. ஆனால் நாவல் துன்பியலாவதில்லை. வாரத் தொடருக்குப் புதிர் வேண்டும், புதிர் அவிழ வேண்டும். ஆட்சியின் பின்னால் மறைந்திருப்பது என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு வாசல் திறந்துவிடுகிறது. சோபோக்ளீஸின் ஈடிபஸில் நடப்பது இதன் தலைகீழ்: கண்டுபிடிக்கிறவன் தேடிப் பிடிப்பது தன்னையே. பாண்டியன் கதையும் அந்த வகை. சுஜாதாவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஜீனோவின் குறும்பை ஒரு துன்பியல் தாங்கியிருக்காது, ஜீனோ இல்லாமல் அந்த நாவலும் இல்லை. ஆனால் சர்வாதிகாரியை முகமூடி கழற்றுவதும் நல்லரசன் தன் தீர்ப்பைத் தானே காண்பதும் வேறுவேறு கதைகள். சிலப்பதிகாரத்தை எடுப்பவர் கொடுங்கோலனைத் தேடக் கூடாது. பாண்டியன் நெடுஞ்செழியன் நேர்மையானவன். கண்ணகி சொன்னதும் சிலம்பைக் கொண்டுவரச் சொல்கிறான், அது உடைவதைத் தடுக்கவில்லை.

நாட்டார் மரபு இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. புகழேந்தி பெயரில் வழங்கும் கோவலன் கதையில் கண்ணகி பாண்டியனைப் பழிவாங்க அவன் மகளாகவே பிறந்த காளி. ஆற்றில் விடப்பட்டு வணிகர் வீட்டில் வளர்ந்து மதுரைக்குத் திரும்புகிறாள். கேட்க விறுவிறுப்பான கதை. ஆனால் எல்லாமே முன்கூட்டிய திட்டமாகிவிட்டதால் பொற்கொல்லனின் பொய்க்கும் அரசனின் அவசரத்துக்கும் எடை போய்விடுகிறது. அறிபுனைவில் இதே தவறு வேறு உருவில் வரும்: உணர்வு பெற்ற தீய இயந்திரம் ஒன்று மனிதர்களை அழிக்கத் திட்டமிடும். அது காளிக்குச் சிலிக்கன் உடம்பு கொடுப்பதுதான். மதுரையை எரித்த தீயிலும் இந்த ஆபத்து உண்டு. அதை ஓர் ஆயுதமாகவோ மின்கட்டமைப்பின் சரிவாகவோ விளக்கிவிடும் ஆசை எந்த அறிபுனை எழுத்தாளருக்கும் எழும். என் கருத்தில் விளக்கத்தைவிட முக்கியம் அந்தத் தீக்கு இடப்பட்ட கட்டளை. அந்தணர், அறநெறியாளர், பசுக்கள், கற்புடைய பெண்கள், முதியவர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவரை மட்டும் சேரும்படி கண்ணகி சொல்கிறாள். ஒரு வகைப்பாட்டுக்குக் கணவனைப் பலிகொடுத்தவள், கோபத்தின் உச்சியில் தானும் ஒரு வகைப்பாட்டையே பிறப்பிக்கிறாள். யாரைத் தீயவர் பட்டியலில் சேர்ப்பது என்று நெருப்பு எப்படி முடிவு செய்தது? இளங்கோ சொல்லாமல் விட்ட அந்த இடம் புதிய நாவல் நுழையக்கூடிய மிகப் பெரிய வாசல்.

மீதமிருப்பது வழக்குரை காதை, இந்த மறுகூறலின் கடினமான பகுதி. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் மணி தெறித்தது, அவையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள், அரசன் தன்னையே கள்வன் என்று சொல்லி விழுந்தான். இந்தக் காட்சிக்கு இரண்டு பொருள்கள் தேவை: எவரும் கண்ணால் காணக்கூடிய சான்று, அதைக் கண்டு வெட்கிச் சாகக்கூடிய ஒருவர். கற்றல் நிரல் ஒன்றை உடைத்துக் கொட்டினால் கிடைப்பவை கோடிக்கணக்கான எண்கள். அவற்றில் எது மாணிக்கம் என்று வடிவமைத்தவராலேயே காட்ட முடியாது. வெட்கப்பட அங்கே அரசனும் இல்லை; ஒப்பந்த நிறுவனம், துறை, குழு என்று பொறுப்பு கலைந்து கிடக்கும். ஆகவே எதிர்காலத்தில் வழக்குரை காதை சாத்தியமே இல்லை என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் அவரை எளிதில் மறுக்க முடியாது. ஆனால் ஹொரைசன் வழக்கில் உண்மை வெளிவந்த விதம் ஒரு வழி காட்டுகிறது. தனித்தனியே வைக்கப்பட்டிருந்தவர்கள் ஒன்றுகூடி, ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு ஒப்பிட்டார்கள். நிபுணர்கள் நிரலைத் துருவியது அதற்குப் பிறகு. முதலில் உடைந்தது உனக்கு மட்டும்தான் இப்படி என்ற பொய்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு நீலியைப் பற்றித் தெரியவருவது எல்லாம் எரிந்த பிறகு, தெய்வம் வந்து சொல்லி. அறிபுனை நாவல் செய்ய வேண்டிய ஒரே பெரிய மாற்றம் காதைகளின் வரிசையில்தான்: கட்டுரை காதை வழக்குரை காதைக்கு முன்னால் வர வேண்டும். நீலியின் பழைய வழக்கைத் தேடி எடுத்துக்கொண்டு, ஒற்றைச் சிலம்போடு இன்னொருத்தியின் பதிவையும் கையில் ஏந்திக் கண்ணகி அவைக்குள் நுழைய வேண்டும். கோவலன் அதற்குள் வெட்டுண்டிருப்பான், அவனை எந்தச் சான்றும் திருப்பித் தராது, ஆகவே துன்பியலில் ஒரு துளியும் குறையாது. பாண்டியன் அப்போது ஒரு தவறான தீர்ப்புக்காகச் சாக மாட்டான். தன் ஆட்சியில் அதே தீர்ப்பு முன்பும் எழுதப்பட்டிருந்ததையும், தான் அதைப் படித்துப் பார்க்கவே இல்லை என்பதையும் கண்டு சாவான்.